புளியமரத்தடிச் சமத்துவம்

நம்மாழ்வார் சூத்திரர். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை மேடை, எத்தனை கட்டுரை, எத்தனை பட்டிமன்றம்! 'வைணவத்தில் சாதி கிடையாது. வேளாளர் குலத்தில் பிறந்தவர் காலில் பிராமணர் விழுந்தார். பெருமாள் கோயிலில் எல்லார் தலையிலும் வைக்கிற சடாரிக்கே அவர் பெயர்தான்' என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் சோடா குடித்து உட்காருகிறார். கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள். நாலெழுத்துப் படித்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் கைதட்டுகிறார்கள். நம்மவர்களின் இந்தக் கைதட்டலைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். நம் தெருக்களிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறார்கள். போகட்டும். கோயிலுக்குப் போகாதே என்று சொல்வது என் வேலையல்ல. உள்ளே போகக்கூடாது என்று நூற்றாண்டுகளாக அடித்து விரட்டப்பட்ட ஒரு சனத்திடம், 'போகாதே' என்று நாமும் சொல்வதற்கு முன்னால் நூறு தடவை யோசிக்க வேண்டும். ஆனால் போய்விட்டு வந்து, 'அங்க சாதியே இல்லப்பா, ஆழ்வாரே நம்மள மாதிரிதான்' என்று சொல்கிறார்களே, அது பொறுக்கவில்லை. நம்மள மாதிரியா? யார் சொன்னது?

ஆழ்வார்திருநகரிக்கு நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய பெயர் திருக்குருகூர். தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஆதிநாதர் கோயிலுக்குள்ளே மேடையும் சுவரும் கட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் அந்தப் புளியமரத்தை. மரத்துக்கே 'திருப்புளியாழ்வார்' என்று பட்டம். ஆதிசேஷனே மரமாக வந்து நிற்கிறான் என்கிறார்கள். மற்ற புளியமரமெல்லாம் பொழுது சாய்ந்தால் இலை கூம்பும், இது கூம்பாது, அதனால் உறங்காப்புளி என்கிறார்கள். பூக்கும், பிஞ்சு விடும், பழுக்காது என்கிறார்கள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை. உலக வழக்குக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று பெயர். கோயிலில் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை புளியமரத்துப் பொந்தில் போய் உட்கார்ந்து 16 வருஷம் வாய் திறக்கவில்லை. திருக்கோளூர் பிராமணர் மதுரகவி வடக்கே அயோத்திப் பக்கம் யாத்திரை போயிருந்தபோது தெற்கே ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பொந்திலிருந்த பையனிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்தது. கேட்டவர் சீடரானார். கலி பிறந்த 43ஆம் நாள் அவதாரம் என்று சம்பிரதாயம் சொல்கிறது. அப்படியானால் 5000 வருஷம். வரலாற்று ஆய்வாளர்கள் 8, 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். திருவிருத்தம், திருவாசிரியம், பெரிய திருவந்தாதி, 1102 பாட்டுக் கொண்ட திருவாய்மொழி ஆகிய நாலும் அவர் வாய்மொழி.

மரத்தடியில் நல்ல கூட்டம். யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. தீர்த்தம் கொடுத்தார்கள், துளசி கொடுத்தார்கள். சட்டம் போட்டுத் திறந்த கதவு அது. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் முதலானோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். அப்புறம்தான் ஒவ்வொரு கதவாகச் சட்டம் திறந்தது. ஆழ்வார் பாடி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் திறக்காத கதவு சர்க்கார் காகிதத்துக்குத் திறந்தது. இதை மட்டும் பட்டிமன்றத்தில் சொல்ல மாட்டார்கள்.

*

புளியமரம் நமக்குப் புதுசு இல்லை. எங்க பாட்டி சொல்லுவா: 'புளியமரத்து நெழல்ல படுக்காதலே, பேய் அடிச்சிரும்.' கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்லுவா: 'பேய் எங்கலே மரத்துல இருக்கு? பண்ணையார் வீட்டுத் திண்ணையில கால் மேல கால் போட்டுல்லா இருக்கு.' ஊர்ப் புளியமரங்களைக் குத்தகை எடுப்பது ஊர்க்காரர்கள். ஏறி உலுக்குவது நம் ஆண்கள். உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பது நம் பெண்கள். நகக்கண்ணெல்லாம் வெடித்துப்போகும், சோறு பிசைந்தால் எரியும். கூலி படியால் அளந்தார்கள். எதிர்த்துப் பேசியவனை அதே மரத்தில் கட்டிவைத்து அதே மரத்து மிளாறால் அடித்தார்கள். புளியமிளாறு ஒடியாது, வளையும். முதுகில் விழுந்தால் தோலோடு வரும். கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சாட்டையும் என்றால், எங்கள் பக்கம் புளியமிளாறு.

அதனால் அந்த மரத்தடியில் நின்றபோது பக்தி வரவில்லை, கேள்விதான் வந்தது. ஒரே ஆற்றங்கரை, ஒரே மரம். ஒருத்தருக்குப் பொந்து கிடைத்தது, அது ஞானபீடம் ஆயிற்று. எங்கள் தாத்தனுக்கு மிளாறு கிடைத்தது. இரண்டு பேரும் 'கீழ்ச்சாதி' என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

நிலத்திலிருந்து வந்தது. 'சூத்திரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிலம் உள்ளவனையும் நிலத்தோடு சேர்த்து எழுதி வைக்கப்பட்டவனையும் ஒன்றாகப் போட்டுக் கட்டுவது பெரிய மோசடி. ஆழ்வாரின் தகப்பனார் காரி, குருகூரை ஆண்ட குடியில் வந்தவர் என்று குருபரம்பரைக் கதைகளே பெருமையாகச் சொல்கின்றன. தாமிரபரணிக் கரையில் பிரமதேயம் பிராமணருக்கு, வெள்ளான்வகை வேளாளருக்கு. இரண்டு பேரும் சேர்ந்துதான் அணையையும் வாய்க்காலையும் கோயிலையும் கையில் வைத்திருந்தார்கள். சேற்றில் இறங்கி நட்டவன் பள்ளன், செத்த மாட்டைத் தூக்கியவன் பறையனும் சக்கிலியனும். அவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. வர்ணத்துக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள். ஆகவே, மதுரகவி மாறன் காலில் விழுந்தது, ஊரை ஆண்ட இரண்டு சாதிகளில் ஒன்று இன்னொன்றின் காலில் விழுந்தது. அது ஊருக்குள் நடந்த சமாச்சாரம். சேரிக்கு அதில் என்ன?

ஆழ்வாரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டாளரிலும் சண்டாளராய்ப் பிறந்தவரானாலும் அடியாரானால் அவரே என்னை ஆள்பவர் என்று பாடும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்தப் பத்துப் பாட்டைப் படித்தால் நமக்கும் நெஞ்சு விரியத்தான் செய்கிறது. பாடினவரோடு எனக்குச் சண்டையில்லை. பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதை நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர்களோடுதான் சண்டை. அந்தப் பாட்டிலேயே ஒரு 'ஆனால்' இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும். 'அடியாரானால்.' சண்டாளன் மனுஷனாக இருந்தால் போதாது, அடியாராக வேண்டும். பிராமணன் பிராமணனாக இருந்தாலே போதும். சேரியில் இருப்பவன் மட்டும் தன் மதிப்பைப் பக்தியால் நிரூபிக்க வேண்டும். இது என்ன சமத்துவம்?

*

பக்திக் கதைகளில் நம் ஆட்கள் எப்படி வருகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள்.

நந்தன் தில்லைக்குப் போகிறான். தீயில் இறங்குகிறான். பூணூலோடு முனிவனாக எழுந்து வருகிறான். உள்ளே போகிறான். திரும்பி வரவில்லை. திருப்பாணர் காவிரிக் கரையில் நின்று பாடுகிறார். கல்லெறி படுகிறார். அப்புறம் எறிந்த லோகசாரங்கரே தோளில் தூக்கிக்கொண்டு திருவரங்கத்துக்குள் போகிறார். அவரும் பெருமாளோடு கலந்துவிடுகிறார். திரும்பி வரவில்லை. மராட்டியத்தில் சோகாமேளர், மகர். சாகும்வரை பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்குள் விடவில்லை. சுவர் இடிந்து விழுந்து செத்தபிறகு எலும்பைக் கொண்டுவந்து வாசலில் புதைத்தார்கள். அந்த வாசலைத் தாண்டி அவர் சாதிக்காரர்கள் உள்ளே போக, சானே குருஜி பட்டினி கிடந்து, 1947 வரைக்கும் ஆனது.

நன்றாகக் கவனியுங்கள். உள்ளே போன ஒருவனும் திரும்பி வரவில்லை. வந்து, 'நான் பார்த்துட்டேன், நீங்களும் வாங்கடா' என்று தெருவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கதை அவனை விழுங்கிவிடுகிறது. ஒருவனை ஏற்றுக்கொள்வது, அவன் தெருவை வெளியே நிறுத்துவது, ஏற்றுக்கொண்டவனைக் காட்டியே தெருவின் வாயை அடைப்பது என்று இதில் மூன்று வேலை நடக்கிறது. விதிவிலக்குதான் விதிக்குக் காவல்காரன்.

இந்த நாடகம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. 2018 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஓர் அர்ச்சகர் தலித் இளைஞர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். திருப்பாணாழ்வார் கதையை நடித்துக் காட்டினார்களாம். பத்திரிகையெல்லாம் படம். தூக்கினவருடைய மனசில் நல்லெண்ணமே இருந்திருக்கலாம். ஆனால் கால் இருக்கிற ஒருவனை ஏன் தூக்க வேண்டும்? அவன் நடந்து போனால் என்ன? நடந்து போனால் அது உரிமை. தூக்கிக்கொண்டு போனால் அது கருணை. உரிமைக்குச் சட்டம் வேண்டும், பங்கு வேண்டும், அதிகாரம் வேண்டும். கருணைக்கு ஒரு தோள் போதும்.

சம்பிரதாயத்துக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில், அடியாருடைய பிறப்பை ஆராய்வது பெற்ற தாயைச் சோதிப்பதற்குச் சமம் என்று எழுதினார். ஆளவந்தார் சீடர் மாறனேரி நம்பி தாழ்ந்த குலத்தவர். அவருக்கு ஈமக்கடன் செய்ததற்காகப் பெரிய நம்பியை அவருடைய சொந்தக்காரர்களே விலக்கி வைத்தார்கள் என்று கதை சொல்கிறது. தென்கலை இப்படிப் பேசியது. வடகலையோ, அடியாரை மதிக்கலாம், ஆனால் பிறந்த சாதி போய்விடாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. சரி, இனிப்பாகப் பேசிய தென்கலையில் கடைசியில் நடந்தது என்ன? ஆழ்வார்திருநகரி தென்கலைக் கோயில்தான். வேளாளர் வீட்டில் பிறந்த ஆழ்வார் விக்கிரகமாக நின்ற பிறகு, அவரைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை பிராமணருக்குப் போய்விட்டது. மாறனுடைய வீட்டுப் பிள்ளைகளுக்கே மாறனைத் தொட உரிமை இல்லை. பெயர் தலையில் ஏறியது, பிறப்பு கருவறையில் ஏறவில்லை. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய மூன்று ஊரில் அரையர் சேவை நடக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிற அருமையான கலை. அதுவும் குடும்பச் சொத்தாகத்தான் இருக்கிறது.

1970இல் வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்துத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'சட்டம் செல்லும், ஆனால் ஆகமப்படி' என்று ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவைச் சாத்தியது. 2006இல் மறுபடி அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். 2015இல் மறுபடி 'ஆகமப்படி'. 2021 ஆகஸ்ட் 14இல்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பல கோயில்களில் வேலை கிடைத்தது. 51 வருஷம், 24 பேர். சாதியே பார்க்காத சம்பிரதாயம் என்றால் இந்த 51 வருஷமும் கோர்ட்டுக்கு நடந்தது யார்? எதற்காக?

*

ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம். மதுரகவி தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சியபோது ஆழ்வார் விக்கிரகம் அதிலிருந்து வந்தது என்பது ஐதீகம். அதே தண்ணீர் வருகிற வழியில் திருநெல்வேலி இருக்கிறது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போன சனத்தைப் போலீஸ் அடித்து ஆற்றில் இறக்கியது. 17 பேர் செத்தார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். பெண்களும் ஒரு சின்னக் குழந்தையும் அதில் அடக்கம். அந்தத் தண்ணீர்தான் அன்றைக்கும் கீழே குருகூருக்குப் போனது. அந்த 17 பேருக்கு எந்த மரம் சாட்சி?

இன்னும் மேலே போனால் பாபநாசம் மலை, காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கேயும் ஒரு மரம் இருக்கிறது. நேர்ந்து கட்டிய மணிகளைப் பட்டை மூடி உள்ளிழுத்துக்கொள்கிற மரம், மணிவிழுங்கி மரம் என்பார்கள். அந்தக் கோயிலில்தான் பட்டவராயன் இருக்கிறான். முத்துப்பட்டன், பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்தான், தோல் பதனிட்டான், செருப்புத் தைத்தான், மாமனார் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தான். இன்றைக்கும் அவனுக்குக் காணிக்கை செருப்புதான். மதுரகவியையும் பட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒருவர் ஞானத்தின் காலில் விழுந்தார், பிறந்த சாதியிலேயே இருந்தார். இன்னொருவன் மனுஷியின் கையைப் பிடித்தான், சாதியை விட்டு இறங்கினான். முதல் கதையை யாரும் திருத்தவில்லை, திருத்த அவசியமே இல்லை. இரண்டாவது கதையை விட்டு வைக்கவில்லை. பின்னால் வந்த பாடங்களில் அந்தப் பெண்கள் இரண்டு பேரும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று ஒட்டுப்போட்டுவிட்டார்கள். எந்தக் கதை சாதியைச் சுடுகிறது, எந்தக் கதை குளிர்விக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கையைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது பழைய கதை இல்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நம் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் இன்ஜினியர், காதலித்த பெண்ணின் தம்பியால் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டான். அவன் ஊர் ஏரல் பக்கம், ஆழ்வார் மரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். அதே வருஷம் மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பரீட்சைக்குப் போன பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்துப்போட்டு வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கச்சியையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். ஸ்ரீவைகுண்டமும் நாங்குநேரியும் ஆழ்வார் பாடிய ஊர்கள். திவ்ய தேசங்கள். அரிவாளைத் தூக்கியவர்கள் பிராமணர்கள் அல்ல. 'நாங்களும் சூத்திரர்தான், எங்களையும் பார்ப்பான் ஒதுக்கினான்' என்று மேடையில் நம் தோளில் கைபோடுகிற சாதிகள். நம்மாழ்வார் சூத்திரர் என்று கேட்டதும் அவர்களும் கைதட்டுகிறார்கள். பார்ப்பனீயத்தைத் திட்டினால் போதும், தன் தெருவில் நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டாம் என்ற சௌகரியம் அவர்களுக்கு. அந்தச் சௌகரியத்துக்கு நாம் கூட்டுச் சேர முடியாது.

*

'அப்படியானால் நந்தனையும் ரவிதாசரையும் தூக்கி எறியச் சொல்கிறாயா?' என்று கேட்பார்கள். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் மூவர் நினைவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். ஆனால் அதே அம்பேத்கர்தான் சாதி ஒழிப்பு நூலுக்காகக் காந்தியோடு நடந்த வாதத்தில், சாதுக்கள் கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்றார்களே தவிர மனுஷனுக்கு மனுஷன் சமம் என்று சாதியை எதிர்த்துப் போரிடவில்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். இதில் முரண் ஏதும் இல்லை. அவர்களை நம் முன்னோராக, அடிபட்டவர்களாக ஏற்றுக்கொள்கிறோம். அவர்கள் போன வழியை வழியாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் சத்தியாகிரகம் நடத்தியவர் கடைசியில் 1956இல் வேறொரு மரத்தடிக்குப் போனார். அந்த அரசமரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்து போய்ச் சங்கம் அமைத்தான். சங்கத்தில் நாவிதன் உபாலியைச் சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் சேர்த்தான், பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தவனை வணங்கட்டும் என்று. பொந்துக்குள்ளே கிடைத்த ஞானத்தை வெளியே கொண்டுவந்து ஓர் ஏற்பாடாக மாற்றுவது என்றால் அதுதான்.

ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். திருவாய்மொழியைப் படியுங்கள், அது நம் மொழிச் சொத்து, யாருடைய அப்பன் வீட்டுப் பத்திரமும் இல்லை. மரத்தையும் பாருங்கள். ஆனால் பார்த்துவிட்டு வந்து நன்றி சொல்லாதீர்கள், கணக்குக் கேளுங்கள். ஆழ்வார் பாட்டைக் கோஷ்டியில் நின்று சொல்ல நமக்கு இடம் எங்கே? அரையர் கலையை நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க யார் தயார்? ஆழ்வாரைத் தொட்டுப் பூசை செய்ய, பயிற்சி முடித்த நம் பையன் எப்போது நிற்பான்? கோயில் நிலத்தை உழுகிறவனுக்கு அந்த நிலத்தில் என்ன பங்கு? இதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டு அப்புறம் 'சாதி இல்லை' என்று பேசட்டும்.

கதை சொல்லும்போது குழந்தைகள் கேட்குமே, அந்த ஒற்றைச் சொல் போதும். பிராமணர் ஒருவர் சூத்திரர் காலில் விழுந்தார் என்று அடுத்த முறை யாராவது மேடையில் முடித்தால், கூட்டத்திலிருந்து எழுந்து சத்தமாகக் கேளுங்கள்:

'சரி, அப்பொறம்?'